மடிப்பிச்சை

2025 ஜூலை நடுப்பகுதியில் ஒரு காலை, பெரியம்மா ஈஸ்ட் ஹாமிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். வழக்கமான சுகவிசாரிப்பு எதுவும் இல்லை. "உந்த ஓடுற சிங் ஐயா மோசம் போயிட்டாராம். ஊரில வச்சு வாகனம் அடிச்சுப் போட்டுதாம். கேள்விப்பட்டனியளே?" என்றார். கேள்விப்பட்டிருந்தோம். பஞ்சாபில் ஜலந்தருக்கு அருகே, தம் சொந்தக் கிராமத்துச் சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி ஃபௌஜா சிங் இறந்துபோனார் என்ற செய்தி முதல் நாளே வந்துவிட்டது. அவருக்கு வயது 114. மனைவியையும் ஒரு மகனையும் இழந்தவர், இங்கிலாந்தில் துக்கத்துக்கு மாற்றாக ஓடத் தொடங்கியவர், 2000 ஆம் ஆண்டு தம் 89 ஆவது வயதில் லண்டன் மரதனை 6 மணித்தியாலம் 54 நிமிடத்தில் ஓடி முடித்தார். 2011 இல் ரொறன்ரோவில் 100 வயதில் இன்னொரு மரதன். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ்காரர்கள் அதை ஏற்கவில்லை. (1911 இல் பஞ்சாபின் ஒரு கிராமத்தில் யார் பிறப்புச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தார்கள்?) ஓடிச் சேர்த்த பணத்தையெல்லாம் குறைமாதக் குழந்தைகளுக்கும் பிற நற்பணிகளுக்கும் கொடுத்தார்.

இல்ஃபோர்டில் அவர் வாழ்ந்த காலத்தில் பெரியம்மாவின் வீடு அங்கிருந்து இரண்டு மூன்று மைல் தொலைவில்தான் இருந்தது. ஆயினும் நேரில் கண்டதில்லை. அப்படியிருந்தும் உறவுக்காரர் ஒருவரை இழந்ததுபோலப் பெரியம்மா பேசியது எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. 2017 இல் இதே பெரியம்மா எங்களிடம் கேட்ட கேள்வி மட்டும் நினைவுக்கு வந்தது. "காசு குடுக்கிறதெண்டால் குடுத்துப்போட்டுப் பேசாமல் இருங்கோவன். அதுக்கேன் பிள்ளையள் நடுரோட்டில ஓடவேணும்?"

நியாயமான கேள்வி. அதற்கு அன்று எங்களிடம் பதில் இருக்கவில்லை.

*

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல இயலாது. எங்களில் ஒருவருக்கு அவர் பெற்ற தாய், மற்றவருக்கு மாமி. பதினேழு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்ததில் அந்த வேறுபாடு தேய்ந்து, இருவருமே அம்மா என்றுதான் அழைத்தோம். 1999 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். இங்கே ஆங்கிலம் கற்கவில்லை. கற்க வேண்டிய தேவையும் ஏற்படவில்லை. மீன்கடை, மரக்கறிக்கடை, கோயில், குடும்ப வைத்தியர் என்று எல்லாமே தமிழில் கிடைக்கும் ஒரு தெருவில் அவர் வாழ்ந்தார். ஆங்கிலத்தில் அவருக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள் மூன்றோ நான்கோதான்.

2016 இலையுதிர்காலத்தில் நோய் முற்றிய நிலையில் அவரைப் பெரிய வைத்தியசாலை ஒன்றில் சேர்த்தோம். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மாலையில் ஆறு மணிக்குப் போய் எட்டு மணிவரை இருப்போம். பகலிலும் இரவிலும் அவர் தனியே. தாதியர் வந்து "எனி பெயின்?" என்று கேட்பார்கள். பெயின் என்ற சொல் அம்மாவுக்குத் தெரியும், நாங்களே சொல்லிக்கொடுத்திருந்தோம். அம்மா பதில் சொல்லுவார்: "நோ."

எங்கள் ஊர்த் தமிழில் நோ என்றால் வலி. வயிற்றுநோ, முதுகுநோ என்போம். "நோகுது" என்போம். அம்மா ஒவ்வொரு முறையும் உண்மையைத்தான் சொன்னார். "வலிக்கிறதா?" "வலி." கேட்டவர்களுக்கு அது "இல்லை" என்று விழுந்தது. குறிப்பேட்டில் வலி இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். நாங்கள் மாலையில் போகும்போது அம்மா களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். எப்படி இருக்கிறார் என்று கேட்டால், குறிப்பேட்டைப் பார்த்து, வலியில்லாமல் இருக்கிறார் என்பார்கள். நாங்களும் நிம்மதியாக வீடு திரும்புவோம். ஐந்து நாட்கள்.

அந்தத் தாதியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு நோயாளிகள். அவர்கள் கேட்டார்கள், அவர் பதில் சொன்னார். மொழி தெரிந்தவர்கள் நாங்கள்தான். நாங்கள் அங்கே இருக்கவில்லை.

ஆறாம் நாள் அம்மாவை ஹொஸ்பிஸ் எனப்படும் நோய்த்தணிப்பு இல்லத்துக்கு மாற்றினார்கள். அன்றிரவு ஒன்பது மணியளவில் அங்கிருந்து ஒரு தாதி தொலைபேசியில் அழைத்தார். குரலில் பதற்றம் எதுவும் இல்லை. "உங்கள் அம்மா வாயால் இல்லை என்கிறார், முகம் ஆம் என்கிறது. உங்கள் மொழியில் நோ என்று ஒரு சொல் இருக்கிறதா?" என்று கேட்டார்.

நாங்கள் பதில் சொன்னோம். சொல்லிவிட்டு, தொலைபேசியை வைக்காமலே, சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். பத்து நிமிடத்தில் மருந்து கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. மறுநாள் போனபோது, அம்மாவின் தலைமாட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தமிழ்ச் சொற்கள், ஆங்கில எழுத்தில், பெரிதாக. முதற்சொல் நோ. அதன் எதிரே அடிக்கோடிட்டு, வலி என்று ஆங்கிலத்தில். மிச்சச் சொற்களை எங்களைக் கேட்டு நிரப்பினார்கள். அந்த இல்லத்தில் அம்மா 12 நாட்கள் இருந்தார். அந்த 12 நாட்களும் அவர் பேசினார், சிரித்தார், ஒரு மாலை ஒடியல் கூழ் வேண்டுமென்றார். செய்துகொண்டுபோய்க் கொடுத்தோம். இரண்டு மிடறு குடித்தார். தாதியும் ஒரு மிடறு குடித்துப் பார்த்து, மிகவும் சுவாரசியமாக இருக்கிறது என்றார். பிடிக்கவில்லை என்பதை ஆங்கிலேயர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

*

இந்த இல்லங்கள் நோயாளியிடம் ஒரு பென்ஸ்கூட வாங்குவதில்லை. நெடுநாள் நாங்கள் அதை அரசு நடத்தும் சேவை என்றே எண்ணியிருந்தோம். பெரும்பாலானவை அறக்கட்டளைகள் என்பதும், பெரியவர்களுக்கான இல்லங்களின் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையே அரசு தருகிறது என்பதும் பின்னர்தான் தெரியவந்தது. எஞ்சியது மக்கள் கொடுப்பது. பழைய உடுப்புக் கடைகள், உயிலில் எழுதிவைக்கும் சொத்துகள், கேக் விற்பனை, உண்டியல், பிறகு இந்த ஓட்டங்கள். 1948 முதல் இந்த நாட்டில் பிறப்பதற்குப் பணம் இல்லை, அரசு பார்த்துக்கொள்கிறது. வலியில்லாமல் இறப்பதற்கு மட்டும் யாரோ ஒருவர் பழைய மேற்சட்டையை விற்க வேண்டியிருக்கிறது. இது சரியான ஏற்பாடு என்று எங்களுக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை. ஆனால் அரசு திருந்தும்வரை இன்றிரவு அந்தக் கட்டிலில் படுத்திருப்பவர் காத்திருக்க முடியாது.

இந்த இயக்கத்தைத் தொடக்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரின் கதையும் ஒரு நன்கொடையில்தான் தொடங்குகிறது. தாதியாக இருந்து, சமூகப் பணியாளராகி, பின்னர் வலியைப் பற்றி ஆராய்வதற்காகவே மருத்துவம் படித்தவர் அவர். 1948 இல் லண்டன் வைத்தியசாலை ஒன்றில் டேவிட் டஸ்மா என்ற போலந்து யூத அகதி இறந்துகொண்டிருந்தார். உறவென்று யாருமில்லாதவர். அவரோடு சாண்டர்ஸ் பேசிக்கொண்டிருப்பார். இறப்பவர்களுக்கென்று ஓர் இல்லம் வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பேச்சுகளில் பிறந்தது. டஸ்மா இறக்கும்போது 500 பவுணை அவருக்கு விட்டுச்சென்றார், அந்த இல்லத்தில் ஒரு சன்னலாக இருப்பதற்கு. அந்தச் சன்னலைச் சுற்றி வீடு எழ 19 ஆண்டுகள் ஆயின. 1967 இல் தென்கிழக்கு லண்டனின் சிடனத்தில் செயின்ற் கிறிஸ்தோபர் இல்லம் திறக்கப்பட்டது. ஓர் அகதியின் 500 பவுண் என்பதால் இந்தக் கதை எங்களை உலுக்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

எங்களிடமிருந்த சேமிப்பில் ஒரு தொகையைக் கொடுத்தோம். கொடுத்த பிறகும் எதுவோ தீராமல் இருந்தது. அந்த ஐந்து நாட்களுக்குக் காசோலை எழுத முடியவில்லை. ஆகவேதான் ஓடுவது என்று முடிவெடுத்தோம். இதை எந்தத் தருக்கத்தில் வைப்பது என்று தெரியவில்லை. உடம்பு எதையாவது செலுத்த வேண்டும்போல இருந்தது.

நாற்பதைத் தாண்டிய வயது. கடைசியாக ஓடியது பள்ளிக்கூடத்து இல்ல மெய்வல்லுநர் போட்டியில். ஊரில் மரதன் என்று ஒன்று வைப்பார்கள், உண்மையில் ஐந்தாறு மைல் இருக்கும். சைக்கிளில் ஒருவர் தேசிக்காய்த் தண்ணீரும் குளுக்கோஸுமாகப் பக்கத்திலேயே வருவார். எங்களில் ஒருவர் அதில் ஓடியதுண்டு, மற்றவர் சைக்கிளில் போனதுண்டு.

*

லண்டன் மரதனில் இடம் கிடைப்பது எளிதன்று. குலுக்கலில் விழ வேண்டும். இல்லையெனில் அறக்கட்டளை ஒன்றின் மூலம் போகலாம். அறக்கட்டளைகள் அமைப்பாளர்களிடமிருந்து விலைகொடுத்து இடங்களை வாங்கி, இவ்வளவு பணம் திரட்டித் தருகிறேன் என்று உறுதி கொடுப்பவர்களுக்குத் தருகின்றன. பொதுவாகத் தலைக்கு 2,000 பவுண் அளவில் கேட்பார்கள். இரண்டு பேருக்கு 4,000. ஓடுவதைவிட இதுவே எங்களை அச்சுறுத்தியது. கேட்பது என்பது எங்கள் வளர்ப்பில் இல்லாத காரியம். கடன் கேட்கலாம், அதற்கு ஒரு மரியாதை உண்டு. சும்மா தா என்று எப்படிக் கேட்பது?

வேலையிடத்தில் இது எளிதாக நடந்தது. ஆங்கிலேயர்கள் இதற்குப் பழகியவர்கள். இணையத்தில் பக்கம் திறந்து மின்னஞ்சல் அனுப்பினால் பத்து, இருபது என்று வந்து விழுகிறது. வரி கட்டுபவர் ஒரு பவுண் கொடுத்தால் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கிறது. எங்கள் சனத்திடம்தான் சிக்கல். தூரத்து உறவினர் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார்: "வன்னியில கால் இல்லாமல் கையில்லாமல் எங்கட பிள்ளையள் கிடக்குதுகள். நீங்கள் வெள்ளைக்காரன்ரை ஆசுப்பத்திரிக்குக் காசு சேர்க்கிறியள்?" அவர் ஒரு பவுணும் தரவில்லை. அவர்மீது எங்களுக்கு இன்றுவரை கோபம் வரவில்லை. வன்னிக்கும் நாங்கள் அனுப்புகிறோம் என்று சொல்லியிருக்கலாம். அது பதிலாகாது என்று தெரிந்ததால் சொல்லவில்லை.

பெரியம்மாவின் கேள்விக்குப் பதில் கடைசியில் பெரியம்மாவிடமிருந்தே வந்தது. ஒரு ஞாயிறு, முருகன் கோயிலில் பூசை முடிந்து, அன்னதானத்துக்கு வரிசையில் நின்றபோது, எப்படிப் பணம் சேர்ப்பது என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தோம். கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா சட்டென்று, "அப்ப இது மடிப்பிச்சை எண்டு முதலே சொல்லியிருக்கலாமே" என்றார்.

ஊரில் நேர்த்தி வைத்தவர்கள் வீடு வீடாகப் போய் மடியேந்திப் பிச்சை கேட்டு, அதைக் கோயிலில் சேர்ப்பார்கள். கையில் வசதி இருப்பவர்களும் கேட்பார்கள், கேட்பதுதான் நேர்த்தி. பிறகு காவடியோ பிரதட்டையோ பாதயாத்திரையோ. பெரியம்மாவின் தாயார் தொண்டைமானாறு செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தவர். கிழக்குக் கரை வழியே, காடும் களப்பும் கடந்து, ஒன்றரை மாதம். போர்க் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அந்த யாத்திரை தடைப்பட்டிருந்தது. போகிற வழியில் ஊர் ஊராகச் சோறு போட்டவர்களைப் பற்றித் தாயார் சொன்னவற்றைப் பெரியம்மா இப்போதும் சொல்லுவார். நடந்த கால்களைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

மறுநாளே பெரியம்மா ஒரு கொப்பி வாங்கினார். முதற்பக்கத்தில் பிள்ளையார் சுழி. திருமண வீட்டு மொய்க் கொப்பிபோல ஒற்றை வரியில் பெயர், தொகை. 78 வயதில், மூட்டு வருத்தத்தோடு, தெருத் தெருவாகப் போனார். உறைகள் வந்தன. ஐம்பத்தொன்று, நூற்றொன்று என்று ஒற்றைப்படையில் முடியும் தொகைகள். அறக்கட்டளையின் அலுவலர் பின்னர் கணக்கைப் பார்த்துவிட்டு, ஏன் எல்லோரும் ஒரு பவுண் அதிகமாகக் கொடுக்கிறார்கள் என்று கேட்டார். சின்னம்மா முறையான ஒருவர் தம் தோழியருடன் சேர்ந்து ஒரே வாரவிறுதியில் 400 ரோல்ஸ் பொரித்து விற்றார். சலூன் வைத்திருக்கும் நண்பர் ஒரு தகரப் பேணியைக் கல்லாவில் வைத்தார். பெரியம்மா தம் பங்காகக் கொடுத்தது இறப்பர் வளையம் போட்ட இருபது பவுண் தாள்களின் ஒரு சுருள். ஓய்வூதியத்தில் வாழும் அவர் வரி கட்டுவதில்லை, ஆகவே அரசின் 25 பென்ஸ் அந்தச் சுருளுக்குக் கிடையாது. இது எங்களுக்கு ஏனோ வருத்தமாக இருந்தது.

*

பயிற்சியைப் பற்றி நீட்டி எழுதப்போவதில்லை. ஓடுபவர்கள் பயிற்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கேட்பவர்கள் ஓடத் தொடங்குவார்கள். அக்டோபர் முதல் ஏப்ரல்வரை, இருளிலும் மழையிலும், பெரும்பாலும் கிறீன்வே பாதையில். கிழக்கு லண்டனின் பெரிய கழிவுநீர்க் குழாய்களை மூடிய மண்கரைமேல் போகும் பாதை அது. 19 ஆம் நூற்றாண்டில் பசல்கெட் என்ற பொறியியலாளர் லண்டன் நகரத்துக்கு அமைத்த சாக்கடை வலையமைப்பின் பகுதி. சில நாட்களில் காலடியில் என்ன ஓடுகிறது என்பதை மூக்கு நினைவூட்டும். ஞாயிறு நெடுந்தூர ஓட்டங்களின்போது பிள்ளைகளை அடுத்த வீட்டு வங்காளக் குடும்பம் பார்த்துக்கொண்டது. 2018 பெப்ரவரி இறுதியில் ஐரோப்பா முழுவதையும் மூடிய பனிக்குளிரில் ஓட முடியாமல் இரண்டு கிழமை வீட்டு மாடிப்படிகளில் ஏறி இறங்கினோம்.

வெயிலுக்கு மட்டும் நாங்கள் பயிற்சி எடுக்கவில்லை. யாழ்ப்பாணத்தவர்களுக்கு வெயிலில் என்ன பயிற்சி என்று நினைத்திருந்தோம்.

2018 ஏப்ரல் 22. லண்டன் மரதன் வரலாற்றிலேயே மிக வெப்பமான நாள், 24.1 பாகை பதிவாகியது. ஊர்க் கணக்கில் அது மார்கழிக் குளிர். ஆறு மாதம் உறைபனியில் பழக்கிய உடம்புக்கு அது தெரியவில்லை. அந்த ஆண்டு எலிசபெத் அரசியார் வின்ட்சர் கோட்டையிலிருந்து பொத்தானை அழுத்தி ஓட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதற்குக் காரணம் உண்டு. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மரதன் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, வைற் சிற்றி அரங்கில் அரச குடும்பத்தினரின் இருக்கைகளுக்கு முன்னால் முடிந்தது. அந்தத் தூரம் 26 மைல் 385 யார். 1921 இல் அதுவே உலகுக்கெல்லாம் பொது அளவாயிற்று. 42.195 கிலோமீற்றர் என்ற முழுமையற்ற எண், அரச குடும்பத்தின் வசதிக்குப் பிறந்த ஒன்று. கடைசி மைலில் அவர்களைச் சபிக்கும் வழக்கம் ஓட்டக்காரர்களிடம் இருக்கிறதாம்.

அந்த 1908 ஓட்டத்தில் இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி முதல் ஆளாக அரங்கினுள் வந்து, திசைமாறி, பலமுறை விழுந்து, அலுவலர்கள் கைத்தாங்கலாகப் பிடித்துவிட எல்லையைக் கடந்தார். பிறர் உதவியதால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். தங்கம் அமெரிக்கரான ஜொனி ஹேய்ஸுக்குப் போனது. மறுநாள் அலெக்சாண்ட்ரா அரசியார் பியெத்ரிக்கு வெள்ளிக் கிண்ணம் ஒன்றைக் கொடுத்தார். அரங்கில் இருந்து அதைப் பார்த்து டெய்லி மெயிலுக்கு எழுதியவர் ஷெர்லொக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கொனன் டொயில். அவர் முன்னின்று நிதி திரட்டியதில் சுமார் 300 பவுண் சேர்ந்தது. ஊரில் பேக்கரி தொடங்கட்டும் என்று பியெத்ரிக்குக் கொடுத்தார்கள். அப்போதெல்லாம் ஓடியவருக்காகப் பணம் திரட்டினார்கள்.

ஓடுபவர்கள் மேற்சட்டையில் தம் பெயரை அச்சிட்டுக்கொள்வது வழக்கம், வழியில் நிற்பவர்கள் பெயர் சொல்லி உற்சாகப்படுத்துவார்கள். எங்கள் பெயர்கள் நீளமானவை, ஆங்கிலேயரின் நாக்கில் முறியக்கூடியவை. ஆகவே இருவரும் ஒரே சொல்லை அச்சிட்டுக்கொண்டோம். அம்மா.

இப்படி ஆகும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கிறீனிச்சில் கட்டி சார்க் கப்பலைச் சுற்றும்போது தொடங்கியது. "கம் ஒன் அம்மா!" டெப்ற்ஃபோர்டில் ஒரு மதுக்கடை வாசலில், கையில் பியர்க் குவளையோடு, தாடிவைத்த ஓர் ஆஜானுபாகுவான மனிதர், "கோ ஒன், அம்மா, கோ ஒன்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அம்மா என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சிறுவர்கள் இனிப்புப் பொம்மைகளை நீட்டிக்கொண்டு "அம்மா, அம்மா" என்றார்கள். டவர் பாலத்தில் இருபுறமும் சுவர்போல நின்ற கூட்டம் அந்தச் சொல்லை ஓர் அலையாக அனுப்பியது. கண்ணாடி போட்டிருந்தது நல்லதாயிற்று.

பாலம் தாண்டினால் ஹைவே என்ற தெரு. அந்தத் தெருவில் ஒரு பக்கம் 13 ஆம் மைலில் போகிறவர்கள், மறுபக்கம் 22 ஆம் மைலில் திரும்பி வருகிறவர்கள். அங்கே நின்றால் ஒரே இடத்தில் இருமுறை பார்க்கலாம். இதைக் கண்டுபிடித்து எங்கள் குடும்பத்தை அங்கே குடியேற்றியவர் மைத்துனர். மடக்குக் கதிரையில் பெரியம்மா, சேலைமேல் கம்பளிச் சட்டை, காலடியில் தேநீர்க் குடுவை. பிள்ளைகள் கையில் மட்டை. பெரியம்மா உப்புத் தடவிய தோடம்பழத் துண்டுகளை வேலிக்கு மேலால் வாயில் ஊட்டிவிட்டார். மணி ஒன்றேகால். "கெதியா வாங்கோ, நான் இங்கதான் இருப்பன்" என்றார்.

கெதியாக வர முடியவில்லை. கனரி வோர்ஃபின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு இடையே, 19 ஆம் மைலுக்குச் சற்று முன், எங்களில் ஒருவருக்குத் தொடைத் தசை இறுகிப் பிடித்துக்கொண்டது. நடைபாதை விளிம்பில் உட்கார வேண்டியதாயிற்று. உடம்பில் சேமித்த மாச்சத்து தீர்ந்துபோகும் கட்டம் அது, சுவர் என்பார்கள். மற்றவர் தனியே போய் முடிக்கலாமா என்ற பேச்சு வந்தது. ஒருவராவது முடித்தால்தானே கொடுத்தவர்களுக்கு மரியாதை? இல்லை, இரண்டு பேரும் போவது, இல்லாவிட்டால் இரண்டு பேரும் நிற்பது. இந்த வாக்குவாதம் தெருவோரத்தில், தமிழில், கோபமாகவே நடந்தது. அம்மாவை வைத்தியசாலையில் விட்டுவிட்டு யார் வேலைக்கு லீவு போட்டிருக்க வேண்டும் என்பதுவரை அது போயிற்று. பதினெட்டு மாதமாக வீட்டுக்குள் பேசாமல் வைத்திருந்த விஷயம். அதைப் பேச 19 மைல் ஓட வேண்டியிருந்தது.

அப்போது இளவயது முதலுதவித் தொண்டர் ஒருவர் குனிந்து, "எனி பெயின்?" என்று கேட்டார்.

"நோ" என்று எங்களில் ஒருவர் சொன்னது எந்த மொழியில் என்று இன்றைக்கும் தெரியாது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு அழுதோம். அந்தப் பையன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். தசையை நீவிவிட்டான். எழுந்து நடந்தோம்.

ஹைவேக்குத் திரும்பும்போது மணி நாலாகப் பத்து நிமிடம். கூட்டம் குறைந்திருந்தது. பெரியம்மா அதே கதிரையில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார். எங்களுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் "வெல் டன், அம்மா!" என்று கூவினார். பெரியம்மா அந்தத் திசையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "என்ரை தங்கச்சியை இண்டைக்கு லண்டன் முழுக்கக் கூப்பிட்டுப் போட்டுதுகள்" என்றார். வேலிக்கு அந்தப் பக்கம், செருப்புக் காலோடு, எங்கள் நடைக்கு ஈடாக ஓர் இருபது அடி கூடவே வந்தார். பிறகு மைத்துனர் பிடித்து நிறுத்திவிட்டார்.

மிச்சம் நாலு மைலையும் நடந்தோம். தேம்சு நதிக்கரை, பிக் பென், பறவைக்கூண்டு நடை என்று பெயர்கொண்ட தெரு, பிறகு மால். கடைசி முன்னூறு மீற்றரை ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டே கடந்தோம். எங்களைத் தகுதிநீக்கம் செய்ய யாரும் வரவில்லை. 6 மணித்தியாலம் 41 நிமிடம். ஃபௌஜா சிங் 89 வயதில் எடுத்ததைவிட 13 நிமிடமே குறைவு. இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோதுதான் அவர் யார் என்று விசாரித்து, அன்று முதல் பெரியம்மா அவரைத் தம் ஆளாக வரித்துக்கொண்டார்.

*

இணையத்தில் 3,870 பவுண். கொப்பியில் 2,312. மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு கொப்பிப் பணத்தைக் கொடுக்கப் போனோம். அந்தத் தாதி அங்கேயே வேலையில் இருந்தார். எங்களை நினைவு வைத்திருந்தார், கூழையும் நினைவு வைத்திருந்தார். பணம், ரசீது, தேநீர் எல்லாம் முடிந்து கிளம்பும்போது, தயங்கி ஓர் உதவி கேட்டார். அம்மாவுக்கு எழுதிய சொற்பட்டியலை அதன்பின் இன்னும் இரண்டு தமிழ் நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார்களாம். தாள் கிழிந்துவிட்டது. இப்போது ஒரு முதியவர் வந்திருக்கிறார். புதிதாக எழுதித் தர முடியுமா?

தாழ்வாரத்து மேசையில் உட்கார்ந்து எழுதினோம். நோ. தண்ணி. குளிருது. மூச்சு முட்டுது. திருப்பி விடுங்கோ. வெளிச்சத்தை நூருங்கோ. பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை இருமுறை வாசித்தார்.

"ஒண்டு விட்டிட்டியள்" என்றார்.

என்னவென்று கேட்டோம்.

"பிள்ளையள் எங்கை எண்டு எழுதுங்கோ. அதுதான் கேப்பினம்."

எழுதினோம். எதிரே ஆங்கிலத்தில் அதன் பொருளையும், கீழே எங்கள் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.